ஆப்ட் பின்னிங்கா, டிஎன்எஃப் முன்னுரிமையா? பல களஞ்சியங்களைக் கட்டிமேய்க்க எது தோது?

பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் நாங்கள் பராமரிக்கும் சர்வர்களில் ஒரு பாதி உபுண்டுவிலும் மறு பாதி ராக்கி லினக்ஸிலும் ஓடுகின்றன. அணியில் தமிழர்கள் நான்கு பேர் இருப்பதால் மதியச் சாப்பாட்டு வேளையில் எழும் தொழில்நுட்ப வழக்குகள் பெரும்பாலும் தமிழிலேயே நடக்கும். அவற்றுள் ஓயாமல் திரும்பி வருவது ஒன்று: ஒரே சர்வரில் மூன்று நான்கு களஞ்சியங்களை, அதாவது மென்பொருள் பொதிகளை இறக்கிக்கொள்ளும் கிடங்குகளை, சேர்த்து வைத்திருக்கும்போது, எந்தப் பொதி எங்கிருந்து வர வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்ல இடம் தருவது உபுண்டுவில் பொதிகளை நிறுவும், டெபியன் வழிவந்த ஆப்ட்டா, ராக்கியில் அதே வேலையைச் செய்யும், ரெட் ஹேட் வழிவந்த டிஎன்எஃப்பா? இரண்டிலும் முன்னுரிமை என்ற ஒரே சொல் இருக்கிறது; ஆப்ட்டில் அதை எழுதிவைப்பதற்குப் பின்னிங் என்று பெயர். ஆனால் அந்தச் சொல் இரண்டு இடங்களிலும் ஒரே வேலையைச் செய்வதில்லை என்பதால்தான் வழக்கு முடியாமல் நீள்கிறது.

வேலூரிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த தம்பி ஒருவர் இதை முதல் வாரத்திலேயே அனுபவித்தார். "அண்ணா, ரெண்டு பக்கமும் 10னுதான் போட்டேன். ராக்கியில கேக்குது, உபுண்டுவுல கேக்கவே மாட்டேங்குது" என்றார். டிஎன்எஃப்பில் எந்த எண்ணும் கொடுக்கப்படாத களஞ்சியத்துக்கு 99 என்று பொருள். எண் குறையக் குறைய மதிப்பு கூடும், ஆகவே 10 என்பது வலுவான இடம். ஆப்ட்டில் எண் கூடக் கூடத்தான் மதிப்பு. சாதாரணக் களஞ்சியத்துக்கு 500, ஏற்கெனவே நிறுவப்பட்டுள்ள பதிப்புக்கு 100. எனவே அங்கே 10 என்று எழுதினால், அந்தப் பொதி இயந்திரத்தில் அறவே இல்லாதபோது மட்டும், அதுவும் வேறு எங்கும் கிடைக்காவிட்டால், எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் பொருளாகிறது. எண்ணின் திசை மாறுவது மனப்பாடம் செய்துகொள்ளக்கூடிய சங்கதிதான். அதைவிட ஆழமான வேறுபாடு, அந்த எண் எதனோடு ஒப்பிடப்படுகிறது என்பதில் இருக்கிறது.

ஆப்ட்டின் எண்கள் வெறும் வரிசை எண்கள் அல்ல. அவை எல்லைக் கோடுகளால் பிரிக்கப்பட்ட படிகள். எண் எதிர்மறையாக இருந்தால் அந்தப் பதிப்பு ஒருபோதும் நிறுவப்படாது. 1 முதல் 99 வரை என்றால், நிறுவப்பட்ட பதிப்பு எதுவும் இல்லாதபோது மட்டும் அது கருதப்படும். 100 முதல் 499 வரை உள்ளது, வேறு வெளியீட்டில் அந்தப் பொதி கிடைக்காவிட்டால் வரும். 500 முதல் 989 வரை சாதாரண நிலை. 990 என்பது நாம் இலக்காகக் குறித்த வெளியீட்டுக்கு ஆப்ட் தானாகத் தரும் எண். 1000ஐத் தொட்டுவிட்டால், நிறுவப்பட்ட புதிய பதிப்பைக் கழற்றிவிட்டுப் பழையதற்கு இறங்கவும் ஆப்ட் தயாராகிவிடும். அந்தக் கோட்டுக்குக் கீழே எந்த எண்ணைக் கொடுத்தாலும் அது தானாகப் பின்னோக்கி இறங்காது. இத்தனை படிகள் எதற்கு என்று தொடக்கத்தில் எரிச்சல் வரும். பழகிய பின், இவ்வளவு நுட்பமாகச் சொல்ல வேறு கருவி இல்லையே என்று தோன்றும்.

ஃபயர்ஃபாக்ஸ் இதற்கு நல்ல சான்று. 2022 ஏப்ரலில் வெளியான உபுண்டு 22.04இன் களஞ்சியத்தில் உள்ள ஃபயர்ஃபாக்ஸ் பொதிக்குள் உலாவியே இல்லை. ஸ்னாப் என்ற வேறொரு பொதி வடிவத்தில் உலாவியை இறக்கித் தரும் வெற்றுறைதான் அது. அதன் பதிப்பெண்ணுக்கு முன்னால் '1:' என்ற ஈபோக், அதாவது பதிப்புகளை ஒப்பிடும்போது முதலில் பார்க்கப்படும் எண், ஒட்டியிருக்கிறது. ஈபோக் இல்லாத எந்தப் பதிப்பெண்ணும், அது 122ஆக இருந்தாலும் 200ஆக இருந்தாலும், இதைவிடச் சிறியதாகவே கணக்காகும். 2024 ஜனவரியில் மொஸில்லா தன் சொந்தக் களஞ்சியத்தில் நிலையான பதிப்பை ஆப்ட் நிறுவும் டெப் பொதியாகக் கொடுக்கத் தொடங்கியபோது, அந்தக் களஞ்சியத்துக்கு 1000 என்ற எண்ணைக் கொடுக்கும்படி தன் வழிகாட்டுதலிலேயே எழுதியது. வெற்றுறை ஏற்கெனவே நிறுவப்பட்டுள்ள இயந்திரத்தில் உண்மையான உலாவிக்கு மாறுவது, ஆப்ட்டின் கணக்கில் ஒரு பதிப்பிறக்கம். அதனால் 900 போதாது, 999உம் போதாது.

டெபியன் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு, ஒரு களஞ்சியம் தன்னைத் தானே அடக்கிக்கொள்ள முடிவது. டெபியனின் எக்ஸ்பெரிமென்டல் பிரிவு, தானாக எதையும் தரவேண்டாம் என்று, களஞ்சியம் தன்னைப் பற்றிச் சொல்லும் ரிலீஸ் கோப்பிலேயே அறிவித்துக்கொள்வதால் அதற்கு 1 மட்டுமே கிடைக்கிறது. நிலையான வெளியீட்டுக்குப் புதிய பதிப்புகளைத் தரும் பேக்போர்ட்ஸ் பிரிவு, முதல் முறை நீங்கள் கேட்டு வாங்கினால் பிறகு புதுப்பிப்புகளை மட்டும் தொடர்ந்து தருகிறேன் என்று அறிவிப்பதால் 100 பெறுகிறது. வாடகைக்கு வந்தவர் கூடத்தில் பாய் விரித்துக்கொள்ளாமல் தன் அறையோடு இருந்துகொள்வது போன்றது இது. வணிக நிறுவனங்கள் நடத்தும் வெளிக்களஞ்சியங்களில் இந்த அடக்கத்தை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

எங்களுக்குச் சூடு விழுந்தது அங்கேதான். ஒரு நிறுவனம் தரும், சர்வரைக் கண்காணிக்கும் ஏஜென்ட் என்ற நிரலுக்காக அதன் களஞ்சியத்தைச் சேர்த்தோம். அதில் ஏஜென்ட் மட்டுமின்றி, அது சார்ந்திருக்கும், பிற நிரல்களும் பகிர்ந்துகொள்ளும் நிரல் நூலகம் (லைப்ரரி) ஒன்றின் புதிய பதிப்பும் கிடந்தது. இரண்டு களஞ்சியங்களுக்கும் 500. எண் சமமானால் புதிய பதிப்பே வெல்லும் என்பது விதி. அடுத்த வழக்கமான மேம்படுத்தலில் அந்த நூலகம் ஓசையின்றி மாறிவிட, மறுநாள் காலை எங்கள் செயலி எழ மறுத்தது. களஞ்சியத்தை நீக்கிப் பார்த்தோம். நிறுவப்பட்டிருந்த பதிப்பு உபுண்டுவினுடையதைவிடப் புதியது என்பதால் எதுவும் அசையவில்லை. அந்த நூலகத்துக்கு மட்டும் உபுண்டு களஞ்சியத்தை 1001இல் நிறுத்திய பிறகே பழைய பதிப்பு திரும்பியது. வெள்ளிக்கிழமை மாலை மடிவாளாவில் சேலம் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர் எவரும் அன்று புதிய களஞ்சியம் சேர்ப்பதில்லை என்ற வழக்கம் அதற்குப் பிறகுதான் எங்களிடம் வந்தது.

இதற்கான தீர்வு ஆப்ட்டின் அமைப்புக் கோப்பில் இரண்டே பத்திகள். முதற்பத்தியில் பொதியின் பெயருக்குப் பதிலாக * என்று போட்டு, அந்தக் களஞ்சியத்திலிருந்து வரும் அனைத்துக்கும் -1 கொடுக்க வேண்டும். இரண்டாவதில் ஏஜென்டின் பெயரை எழுதி, அதே களஞ்சியத்துக்கு 500 கொடுக்க வேண்டும். பெயர் சொல்லி எழுதிய விதி, பொதுவாக எழுதிய விதியை எப்போதும் மிஞ்சும் என்பதால் கதவு மூடியே இருக்கும், ஒருவர் மட்டும் உள்ளே வருவார். ஆனால் இதை எழுதும்போது தடுக்கி விழ இரண்டு இடங்கள் உண்டு. 'பின்' வரியில் 'ஆரிஜின்' என்று எழுதினால் அது களஞ்சியத்தின் இணைய முகவரியைக் குறிக்கும்; 'ரிலீஸ் ஓ=' என்று எழுதினால் அது ரிலீஸ் கோப்பில் அந்தக் களஞ்சியம் தனக்கு இட்டுக்கொண்ட பெயரைக் குறிக்கும். இரண்டையும் மாற்றி எழுதினால் பிழைச்செய்தி எதுவும் வராது. விதி எதனோடும் பொருந்தாமல் சும்மா கிடக்கும். மற்றொன்று கோப்பின் பெயர்: இந்த விதிகளுக்கான ப்ரிஃபரன்சஸ்.டி அடைவில் வைக்கும் கோப்புக்கு '.ப்ரெஃப்' என்ற பின்னொட்டு இருக்கலாம், அல்லது பின்னொட்டே இல்லாமல் இருக்கலாம். பழக்கதோஷத்தில் '.கான்ஃப்' என்று வைத்தால் ஆப்ட் அதைப் படிக்காது. எனவே எழுதியவுடன் 'ஆப்ட்-கேஷ் பாலிசி' கட்டளையைப் பொதியின் பெயரோடு ஓட்டி, ஒவ்வொரு பதிப்பின் பக்கத்திலும் என்ன எண் விழுந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடுவது கட்டாயம்.

டிஎன்எஃப்பின் முன்னுரிமை இதைவிட எளிது, எளிமையாலேயே முரட்டுத்தனமானது. அது நிறுவப்பட்ட பதிப்போடு எதையும் பேரம் பேசுவதில்லை. ஒரே பொதி இரண்டு களஞ்சியங்களில் இருந்தால், சிறிய எண் கொண்ட களஞ்சியத்தில் உள்ளதே தேர்வாகும். மற்றதில் இருப்பது புதியதாக இருந்தாலும் சரி, பாதுகாப்புத் திருத்தமாக இருந்தாலும் சரி, கண்ணில் படாது. ரெட் ஹேட் வழிவந்த சென்ட்ஓஎஸ் 7 காலத்தில், டிஎன்எஃப்புக்கு முந்தைய யம் கருவிக்குத் தனிச் செருகுநிரலாக இது இருந்தபோது, முன்னுரிமைக் காப்பினால் இத்தனை பொதிகள் விலக்கப்பட்டன என்று ஒவ்வொரு முறையும் ஒரு வரி வரும். அந்த எண்ணிக்கை திடீரென்று ஏறினால் சந்தேகப்பட வாய்ப்பிருந்தது. டிஎன்எஃப்புக்குள்ளேயே வசதி வந்து சேர்ந்தபோது அந்த வரி போய்விட்டது. எனக்கு அது இழப்பாகவே படுகிறது.

அந்த இழப்பை நாங்கள் காசு கொடுத்தே உணர்ந்தோம். இணையச் செலவைக் குறைக்க அலுவலகத்துக்குள் ராக்கி களஞ்சியங்களின் நகல் ஒன்றை வைத்து, அதற்கு முன்னுரிமை 1 என்று எழுதிவிட்டு, வெளிக்களஞ்சியத்தையும் அப்படியே விட்டுவைத்தோம். நகலெடுக்கும் வேலை ஒருநாள் வட்டில் இடமின்றி நின்றுபோனது. அதன்பின் ஒவ்வொரு வாரமும் சர்வர்கள் 'செய்வதற்கு ஒன்றுமில்லை' என்று சொல்லிக்கொண்டே இருந்தன. வெளிக்களஞ்சியத்தில் திருத்தங்கள் குவிந்துகொண்டிருக்க, முன்னுரிமை 1 கொண்ட பழைய நகல் அவற்றை மறைத்து நின்றது. இங்கே பயன்படுத்தியிருக்க வேண்டியது முன்னுரிமையே அல்ல, 'காஸ்ட்' என்ற வேறொரு அமைப்பு. அதன் இயல்பான மதிப்பு 1000. முன்னுரிமை சமமாக இருக்கும்போது, எந்தக் களஞ்சியத்தை அணுகுவது மலிவு என்பதை மட்டும் அது சொல்லும். நகலுக்கு 500 கொடுத்தால், ஒரே பதிப்பு இரு இடத்திலும் இருக்கும்போது நகலிலிருந்து வரும். வெளியே புதியது இருந்தால் வெளியிலிருந்து வரும். ஆப்ட்டில் இதே காரியத்துக்குக் களஞ்சியப் பட்டியலில் நகலை முதலில் எழுதினால் போதும்.

ஆகவே ஒப்பீட்டைச் சரியாக நடத்த வேண்டுமானால், நமக்கு வேண்டியது விருப்பமா, அனுமதியா என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். வெளியார் களஞ்சியம் ஒன்றைச் சேர்ப்பவருக்குப் பெரும்பாலும் வேண்டியது அனுமதி: இந்தப் பொதி மட்டும் அங்கிருந்து வரலாம், வேறெதுவும் கூடாது. ஆப்ட் தன் எண்களாலேயே இதைச் சொல்லிவிடுகிறது. டிஎன்எஃப்பின் எண்ணால் சொல்ல முடியாது. வெளிக்களஞ்சியத்தை 150இல் தள்ளி வைத்தாலும், அடிப்படைக் களஞ்சியங்களில் இல்லாத பெயர் எதுவாக இருந்தாலும் அது தாராளமாக உள்ளே வரும். அங்கே சரியான கருவி, களஞ்சியக் கோப்பில் எழுதும் 'இன்க்ளூட்பேக்கேஜஸ்' வரி. ஏஜென்டின் பெயரை அதில் எழுதினால் அந்தக் களஞ்சியத்தின் மற்றப் பொதிகள் இல்லாதவை போலாகிவிடும். படித்துப் புரிந்துகொள்ள ஆப்ட்டின் இரண்டு பத்திகளைவிட இந்த ஒரு வரி எளிது என்பதை உபுண்டுப் பிரியனான நானும் ஒப்புக்கொள்கிறேன். இது ஆப்ட்டில் -1க்குச் சமம். ஆனால் 'கேட்டால் தா, தானாகத் தராதே' என்ற பேக்போர்ட்ஸ் பாணி நடுநிலையைச் சொல்ல டிஎன்எஃப்பின் எண்களில் இடமில்லை. களஞ்சியத்தை முடக்கி வைத்து, தேவைப்படும்போது கட்டளையில் பெயர் சொல்லி எழுப்புவதுதான் வழி.

ரெட் ஹேட் 8ஐச் சார்ந்தவற்றில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத் திட்டத்தின் சொந்தக் களஞ்சியத்தைச் சேர்த்து முன்னுரிமை 1 கொடுத்தாலும் அதன் சர்வர் பொதி கண்ணுக்குத் தெரியாது. அடிப்படைக் களஞ்சியத்தில் உள்ள போஸ்ட்கிரெஸ் மாட்யூல், அதாவது பதிப்புவாரியாகக் கட்டிய பொதித் தொகுப்பு, மற்றவற்றை வடிகட்டிவிடுகிறது. அந்த மாட்யூலை முடக்கினால்தான் வழி திறக்கும். எண்ணோடு மல்லுக்கட்டி அரைநாள் வீணடித்தவர்கள் இந்த ஊரில் பலர் இருப்பார்கள்.

வேறு லினக்ஸ்களில் உள்ள இரண்டு பொதிக் கருவிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓபன்சூசேயின் ஸிப்பரும் 99இல் தொடங்கி, சிறிய எண்ணுக்கே மதிப்பளிக்கிறது. ஆனால் ஒரு பொதி யாரிடமிருந்து முதலில் வந்ததோ, அந்த வெண்டரை (பொதியைத் தயாரித்தவரை) விட்டுச் சாதாரண மேம்படுத்தலில் மாறாது என்ற கூடுதல் காவல் அதில் உள்ளது. எங்கள் நூலகச் சங்கடம் அங்கே நேர்ந்திருக்காது. ஆர்ச்சின் பேக்மேனில் எண்ணே இல்லை: அமைப்புக் கோப்பில் முதலில் எழுதப்பட்ட களஞ்சியமே, பதிப்பு எதுவானாலும், வெல்லும்.

இப்போது எங்கள் ராக்கி சர்வர்களில் முன்னுரிமை வரி எதுவும் இல்லை. நகலுக்கு 'காஸ்ட்', வெளியாருக்கு 'இன்க்ளூட்பேக்கேஜஸ்', அவ்வளவுதான். உபுண்டுவில் ஒவ்வொரு வெளிக்களஞ்சியத்துக்கும் ஒரு ப்ரெஃப் கோப்பு, அதில் அதே இரண்டு பத்திகள். அந்தக் கோப்பை முதலில் வைத்த பிறகே களஞ்சியத்தைச் சேர்க்கிறோம். வரிசை மாறினால், இடைப்பட்ட நேரத்தில் தானியங்கி மேம்படுத்தல் ஓடிவிடக்கூடும்.