தனித்தனிச் சிரிப்பா, தொடரும் கதையா?

குழந்தைகளுக்கு அனிமேஷன் தொடர் எழுத உட்கார்ந்தால் முதலில் வரும் குழப்பம் இது. ஒவ்வொரு பகுதியும் தனி நகைச்சுவையா, எல்லாம் சேர்ந்து ஒரே பெரிய கதையா?

நுழைவது
தனி: எந்தப் பகுதியிலிருந்தும் பார்க்கலாம்.
தொடர்: நடுவில் வந்த குழந்தை திருதிருவென விழிக்கும்.

எழுதுவது
தனி: பலர் ஒரே நேரத்தில் எழுதலாம், வரிசை மாறினாலும் பாதகமில்லை.
தொடர்: முடிவு முன்பே தெரிய வேண்டும். ஒன்றில் கைவைத்தால் பின்னால் பத்து ஆடும்.

மனதில் நிற்பது
தனி: சிரிப்பு நிற்கும். பாத்திரம் கற்ற பாடம் அடுத்த பகுதியில் காணாமல் போகும்.
தொடர்: இங்கேதான் இதன் பலம். ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ (2005–2008) 61 பகுதிகள் ஓடியது. எதிரியாக வந்த ஜூக்கோ தடுமாறித் தடுமாறித் தோழனாவதை நம்ப அத்தனை நேரம் தேவைப்பட்டது. மனிதர் மாற முடியும் என்று குழந்தைக்குக் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

சரி, எது யாருக்கு? பள்ளிக்குப் போகாத வாண்டுகளுக்குத் தனிப்பகுதிதான். பிடித்ததையே திரும்பத் திரும்பக் கேட்பார்கள். இரண்டாம் சீசன் உறுதியில்லை என்றாலும் அதுவே பாதுகாப்பு. எட்டு, ஒன்பது வயதுக்கு மேல் தொடர்கதையைத் தைரியமாக எடுக்கலாம்.

இரண்டும் வேண்டுமென்றால் ‘கிராவிட்டி ஃபால்ஸ்’ பாருங்கள். மொத்தம் 40 பகுதிகள். பெரும்பாலானவற்றில் அன்றைய வேடிக்கை அன்றே முடியும், மர்ம நாட்குறிப்பை எழுதியவர் யார் என்ற கேள்வி மட்டும் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். அப்புறம் ஒன்று: கதை கனமாகும் பகுதிகளிலும் சிரிப்பை நிறுத்தாதீர்கள், அது பாத்திரத்தின் குணத்திலிருந்து வரட்டும்.