‘டிஸ்க் போச்சு’ என்ற லேப்டாப்பை உயிரோடு திருப்பிக் கொடுத்த மதுரை மாடிக்கடை

திருமங்கலத்தில் பதினொரு வருஷமாக டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் 2017-இல் வாங்கிய ஒரே லேப்டாப்பில்தான் தயாராகும். அச்சுக்குச் சிவகாசி போகும். ஆடி கடைசி வாரம் ஒருநாள் காலை பவர் பட்டனை அழுத்தினால், கருப்புத் திரையில் ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ (விண்டோஸைத் தொடங்க டிஸ்க் எதுவும் கிடைக்கவில்லை) என்று வந்து அப்படியே நின்றுவிட்டது. ஆவணி முதல் முகூர்த்தத்துக்கான ஒன்பது பத்திரிகைகள் உள்ளே. அதில் நாலு, வீட்டுக்காரர்கள் பிழை பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவை.

முதலில் வேறொரு சர்வீஸ் கடைக்குத்தான் போனேன். பின்மூடியைக் கழற்றி, காசு மாதிரி இருக்கும் பேட்டரியை எடுத்துத் திரும்ப வைத்தார். எஃப்2 அழுத்தி, விண்டோஸுக்கு முன்னால் வரும் அடிப்படை செட்டிங் திரையான பயாஸைப் பார்த்தார். ஹார்ட் டிஸ்க் பெயர் வரவேண்டிய இடம் காலியாக இருந்தது. “டிஸ்க் போச்சும்மா. புதுசு போட்டு விண்டோஸ் ஏத்தித் தர்றேன், 6,500 ஆகும். டேட்டா வராது.” டிஸ்க் அவர் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், தெரிந்தவர் சொன்ன மாடிக்கடைக்குப் போனேன். இருபத்தைந்து வயதுக்குள் ஒரு தம்பி. என்ன கோளாறு என்று கேட்பதற்கு முன்னால் அவர் கேட்டது இதுதான்: “அக்கா, இதுல உங்களுக்கு முக்கியமானது என்ன, எந்த டிரைவ்ல இருக்கு?” சொன்னேன். நோட்டில் எழுதிக்கொண்டார். “மொதல்ல அதை வெளிய எடுத்துருவோம். லேப்டாப்பை அப்புறம் பாக்கலாம்.”

டிஸ்க்கைக் கழற்றி, யூஎஸ்பி கேபிள் ஒன்றில் சொருகித் தன் கம்ப்யூட்டரில் மாட்டினார். என் உள்ளங்கையில் வைத்து, “சுத்துது பாருங்க” என்றார். மெல்லிய அதிர்வு, ஒரே சீராக. டிக் டிக்கென்று தட்டும் சத்தம் வந்திருந்தால் உடனே நிறுத்தியிருப்பேன், அந்த நிலைமையில் ஓட்ட ஓட்டச் சேதம் கூடும் என்றார். கொஞ்ச நேரத்தில் டி டிரைவ் திறந்தது. என் ஃபோல்டர்கள் அத்தனையும் வரிசையாக நின்றன.

காப்பி போடும் முன் அவர் கேட்ட இன்னொரு கேள்விக்காகவே அவரை எத்தனை தடவை வேண்டுமானாலும் பாராட்டுவேன். “ஃபான்ட் எல்லாம் சி டிரைவ்லதானே இருக்கும், அதையும் எடுத்துரவா?” இது டிடிபி வேலை தெரிந்தவர்களுக்குத்தான் தோன்றும். பாமினியில் அடித்த ஃபைலை அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால், ‘திருமணம்’ என்ற சொல் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். மொத்தம் 212 ஜிபி, ஒன்றரை மணி நேரம். அன்று ராத்திரியே தங்கச்சி வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து நாலு பத்திரிகையைச் சிவகாசிக்கு அனுப்பிவிட்டேன்.

காப்பி ஓடி முடிந்ததும் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைத் திரையில் காட்டினார். கெட்டுப்போன செக்டார் (டேட்டா பதியும் சின்னச் சின்ன இடம்) கணக்குப் பூஜ்யம். டேட்டா போகும் வழியில் சிதைவதைக் கணக்கிடும் சிஆர்சி பிழை என்ற வரியில் மட்டும் எண் ஏகத்துக்கும் ஏறியிருந்தது. “டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. போற வழியிலதான் கோளாறு.” டிஸ்க்கையும் மதர்போர்டையும் இணைக்கும் பட்டை கேபிளை எடுத்து பூதக்கண்ணாடியில் காட்டினார். கனெக்டருக்குப் பக்கத்தில் ஒரு மடிப்பு. தடிமனான அட்டையில் அச்சடித்த பத்திரிகையை மடித்தால் மடிப்பில் மை வெடிக்குமே, அதே மாதிரி உள்ளே கோடுகள் வெடித்திருந்தன.

இரண்டு நாள் என்றார், மூன்று நாள் ஆனது. கேபிள் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரவேண்டியிருந்ததாம். தாமதமாகும் என்று அவரே போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம். நான்தான் இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.

புதுக் கேபிள் மாட்டியபோது நான் பக்கத்திலேயே இருந்தேன். பயாஸில் டிஸ்க்கின் பெயர் வந்துவிட்டது. ஆனால் அதே ‘நோ பூட்டபிள் டிவைஸ்’. எனக்கு வயிறு கலங்கியது. அவர் விண்டோஸ் கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை. “பயாஸை யாராச்சும் ரீசெட் பண்ணாங்களா அக்கா?” என்றார். முதல் கடைக்காரர் அந்தக் காசு பேட்டரியைக் கழற்றியதில் பயாஸ் செட்டிங் அழிந்து, பூட் முறை (விண்டோஸைத் தொடங்கும் விதம்) பழைய லெகசிக்குப் போயிருந்தது. என் விண்டோஸ் யூஇஎஃப்ஐ என்ற புது முறையில், அதற்கேற்ற ஜிபிடி அமைப்புள்ள டிஸ்க்கில் போட்டது. மாற்றி, எஃப்10 அழுத்திச் சேவ் செய்தார். புள்ளிகள் சுழன்று, என் டெஸ்க்டாப்பில் இருக்கும் மீனாட்சியம்மன் கோபுரம் வந்தது.

நான் காத்திருந்த நேரத்தில் ஒரு கல்லூரிப் பையன் புது லேப்டாப்போடு வந்தான். விண்டோஸ் போடும்போது டிரைவே காட்டவில்லை, எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும், சுழலாத வேகமான டிரைவ்) போய்விட்டது என்று பயந்திருந்தான். இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து பல மாடல்களில் டிரைவை நிர்வகிக்கும் விஎம்டி என்று ஒன்று இருப்பதால், அதற்கான டிரைவர் ஃபைலைக் கொடுக்கும்வரை டிரைவ் தெரியாதாம். பென்டிரைவிலிருந்து ஏற்றியதும் தெரிந்தது. இன்னொன்றும் அவனிடம் சொன்னார்: பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால், பயாஸில் கை வைக்கும் முன் பூட்டைத் திறக்கும் 48 இலக்க மீட்புச் சாவியை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். புது லேப்டாப் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கான பில்: கேபிள் 450, கூலி 500. டேட்டா எடுத்ததற்குத் தனியாக வாங்கவில்லை. டிஸ்க்குக்கு எட்டு வருஷம் ஆகிவிட்டது, சீசன் முடிந்ததும் எஸ்எஸ்டி மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். அன்றே விற்கப் பார்க்கவில்லை. புரட்டாசியில் போய் மாற்றினேன். பழைய டிஸ்க்கையும் பழைய கேபிளையும் கவரில் போட்டுக் கையில் கொடுத்தார்.

படிக்கட்டு செங்குத்து, முட்டிவலிக்காரர்களுக்குச் சிரமம். ஞாயிறு கடை கிடையாது. கேட்டால்தான் பில் எழுதித் தருகிறார், கேட்டு வாங்குங்கள். போகும்போது சார்ஜரையும் எடுத்துப் போங்கள், எல்லா மாடலுக்கும் அவரிடம் இருப்பதில்லை.