கடைப் பலகை: எழுத்து புடைத்து நிற்கணுமா, குடைந்து இறங்கணுமா?

மரத்தில் செதுக்கிய பெயர்ப் பலகை வைக்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, ஆசாரியிடம் கொடுக்கலாமா, சிஎன்சி மெஷினில் (கம்ப்யூட்டர் சொல்கிறபடி செதுக்குகிற இயந்திரம்) கொடுத்துவிடலாமா என்பதைத்தான். நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். இரண்டு பலகை செய்து மாட்டிய பிறகு எனக்குத் தெரிந்தது, அதற்கு முன்னாலேயே முடிவு செய்ய வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது: எழுத்து பலகையைவிட்டு மேலே புடைத்து நிற்க வேண்டுமா, இல்லை பலகைக்குள் குடைந்து இறங்க வேண்டுமா.

எங்களுடையது மரச்செக்கு எண்ணெய்க் கடை. பலகையில் ‘மரச்செக்கு எண்ணெய்’ என்பதில் மட்டும் நாலு புள்ளி. முதல் பலகை புடைப்பு எழுத்து, மெஷின் வேலை, வந்திறங்கிய அன்று அவ்வளவு எடுப்பாக இருந்தது. ஆனால் புடைப்பு என்றால் எழுத்தைச் சுற்றியிருக்கிற மரத்தையெல்லாம் எடுத்துவிடுகிறார்கள், புள்ளி ஒரு சின்னக் குமிழ் மாதிரி தனியே நிற்கிறது. மரத்தின் நார் பலகையோடு படுத்துத்தான் ஓடும், குமிழுக்குள் எழும்பி வராது, அதனால் பக்கவாட்டில் ஒரு தட்டு விழுந்தால் அடியோடு பிளந்து கழன்றுவிடும். ஒருநாள் ஏணி சாய்த்ததில் ‘ச்’ புள்ளி போனது, அடுத்த மழைக்காலத்துக்குள் ‘ண்’ புள்ளியும் போனது. ‘மரசசெக்கு எணணெய்’ என்று கடை வாசலில் தொங்குவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவே இல்லை. பசை வைத்து ஒட்டினேன், நிற்கவில்லை. இங்கிலீஷில் ‘ஐ’ மேல் ஒரு புள்ளி போனால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், தமிழில் புள்ளி போனால் எழுத்தே வேறு.

குடைவில் இந்தத் தொல்லை இல்லை. புள்ளி என்பது ஒரு குழி, குழியை யாரும் இடித்துத் தள்ள முடியாது. 1010-ல் கட்டி முடித்த தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடுகிற கல்வெட்டெல்லாம் குடைவுதானே, இன்றைக்கும் விரல் வைத்து வாசிக்கலாம். (அந்தக் காலத்துச் சிற்பிகள் பெரும்பாலும் புள்ளியே வைக்கவில்லை என்பது வேறு கதை.)

குடைவுக்குப் பலகையின் கனம் முக்கியம், இதை முதலிலேயே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எழுத்துக் கோட்டின் அகலம் ஒரு அங்குலம் என்று வையுங்கள். இரண்டு பக்கச் சரிவும் நடுவில் 90 டிகிரியில் சந்தித்தால் ஆழம் நாலு நூல் (எட்டு நூல் ஒரு அங்குலம்). 60 டிகிரி என்றால் கிட்டத்தட்ட ஏழு நூல். சரிவு செங்குத்தாக ஆக ஆக நிழல் கறுப்பாக விழும், எழுத்து தூரத்திலிருந்தே தெரியும், ஆனால் ஒன்றரை அங்குலத்துக்குக் குறைந்த பலகையில் அதைச் செய்யாதீர்கள்.

சரி, இப்போது கையா மெஷினா. புடைப்புக்கு மெஷின் உருட்டு முனை கொண்டு ஓட்டுகிறது, ‘ட’, ‘ப’, ‘ம’ எல்லாவற்றின் உள்மூலையும் மொழுக்கென்று ஆகிவிடும், உளி எடுத்துத் திருத்தினால்தான் மூலை மூலையாக வரும். குடைவுக்குக் கூர்முனை போட்டு ஓட்டினால் மெஷின் நன்றாகவே செய்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் இரண்டாவது பலகை ஆசாரி கையால் குடைந்தது. அவர் செய்யும்போது என்ன வித்தியாசம் என்றால், முதலில் உளியை நிமிர்த்திப் பிடித்துக் கொட்டாப்புளியால் தட்டி நடுக்கோட்டை இறக்குகிறார், அப்புறம் இரண்டு பக்கமும் சரித்துச் சீவுகிறார். ‘ழ’வின் வளைவில் நார் எதிர்த்து வருகிற இடம் வந்ததும் உளியைத் திருப்பி மறுபக்கத்திலிருந்து வந்தார், ஒரு சிராய்கூட எழும்பவில்லை. தேக்கில் மணல்சத்து இருப்பதால் உளி சீக்கிரம் மழுங்கும், நாலைந்து எழுத்துக்கு ஒருமுறை சாணைக்கல்லில் தீட்டிக்கொண்டே இருந்தார். அந்தச் சரிவில் உளி பட்ட தடம் லேசாகத் தெரியும், காலை வெயில் சாய்வாக விழும்போது அது மினுங்குவதை மெஷின் பலகையில் நான் பார்த்ததில்லை. எனக்குக் கூலி மெஷினைப்போல மூன்று மடங்கு ஆனது, கொடுத்ததில் வருத்தமே இல்லை.

மரத்தில் ரொம்ப யோசிக்க வேண்டாம். வெளியில் மாட்டுவதற்கு வைரம் பாய்ந்த தேக்கு, வெளிறிய ஓரப்பகுதி கொஞ்சமும் சேராமல். வேம்பைக் கரையான் லேசில் தொடாது, ஆனால் நார் பின்னிக்கொண்டு ஓடும், வெட்ட வெட்டச் சிராய் எழும்பும். வாகையில் கள்ளக்குறிச்சிப் பக்கம் அருமையான சிற்பங்கள் செய்கிறார்கள், கடைக்கு உள்ளே என்றால் எடுக்கலாம், மழையில் நனைகிற இடத்துக்கு வேண்டாம்.

வண்ணத்தில் ஏமாறாதீர்கள். கோல்டு பெயிண்ட் வெளியில் வைத்தால் மங்கி, பழுப்பாகி, அழுக்குப் பிடித்த மாதிரி ஆகிவிடும். அசல் தங்க ரேக் (மெல்லிய தங்கத் தகடு) ஒட்டினால் மங்காது, செலவு தாங்குமானால் குடைவு எழுத்துக்கு அதைவிட அழகு கிடையாது. இல்லையென்றால் நல்ல மஞ்சள் அல்லது வெள்ளை எனாமல் போதும். தேக்கின் பழுப்பில் கறுப்பு எழுத்து சாலைக்கு அந்தப் பக்கமிருந்து தெரியவே தெரியாது. பலகைக்கு வார்னிஷ் அடித்தால் வெயிலில் உரியும், மறுபடி அடிக்க முழுசாகச் சுரண்ட வேண்டும். எண்ணெய் பூசினால் வருஷத்துக்கு ஒருமுறை துணியால் தேய்த்துவிட்டால் முடிந்தது வேலை.

குடைவுக்கு ஒரு குறை உண்டு. நேர் எதிரே விளக்குப் போட்டால் நிழல் செத்துப்போய் எழுத்து தட்டையாகிவிடும். விளக்கைப் பலகைக்கு மேலே, ஒட்டினாற்போல், கீழ்நோக்கி வையுங்கள். குழியில் தூசியும் அடையும், மாதம் ஒருமுறை பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிவிடணும்.

எதைத் தேர்ந்தாலும் மரத்தில் கை வைக்கும் முன் எழுத்தை முழு அளவில் காகிதத்தில் அச்செடுத்துக் கடை முகப்பில் ஒட்டிவிட்டு, சாலையின் எதிர்ப்பக்கம் போய் நின்று பாருங்கள். பத்தடி தூரத்துக்கு ஒரு அங்குல உயரம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள், ‘ண’, ‘ழ’ மாதிரி சுழி அடைத்த எழுத்துகளுக்கு அது பத்தாது, கூட்டிக்கொள்ளுங்கள்.

வாடகைக் கடை, காசு இறுக்கம் என்றால் தேக்கில் மெஷின் குடைவு போட்டு, ஓரங்களையும் புள்ளிகளையும் மட்டும் ஆசாரியிடம் கொடுத்துத் திருத்துங்கள். சொந்தக் கடை என்றால் முழுக்கக் கைவேலை. மாட்டும்போது மட்டும் பக்கத்தில் நில்லுங்கள், திருகாணித் துளையை மேல்கீழாகக் கொஞ்சம் நீட்டிப் போடச் சொல்லுங்கள். மழைக்கு மரம் அகலத்தில் உப்பும், வெயிலுக்குச் சுருங்கும், இறுக்கி முடுக்கிவிட்டால் திருகாணி இருக்கிற இடத்திலிருந்தே வெடிக்கும்.