எஃப்10 எஸ்சி: மருந்து சரி, அளக்கிற கைதான் தடுமாறுகிறது

காப்பகத்திலிருந்து சில வாரம் பார்த்துக்கொள்ள ஒரு பூனைக்குட்டி வந்தால், வீட்டுப் பூனைக்கு என்ன ஒட்டுமோ என்ற கவலையும் கூடவே வரும். அதற்காகப் பலர் வாங்கி வைப்பது எஃப்10 எஸ்சி என்ற கிருமிநாசினி. நம் தென்னாப்பிரிக்கத் தயாரிப்பு; இங்கே கால்நடை மருத்துவமனைகளில் பரவலாகப் புழங்குவது. இதில் பென்சல்கோனியம் குளோரைடு 5.4%, பாலிஹெக்சாமெத்திலீன் பைகுவானைடு 0.4%. குளோரின் நெடி இல்லை, துணி வெளுக்காது.

வாங்கலாம். ஆனால் ஒரே அளவில் எல்லாக் கிருமியும் சாகாது. அன்றாடத் துடைப்புக்கு லிட்டருக்கு 2 மில்லி போதும். பூனைகளின் பார்வோ, அதாவது பான்லூகோபீனியா நோயைத் தரும் வைரஸ், அந்த அளவுக்கு அசையாது. அதைக் கொல்ல லிட்டருக்கு 8 மில்லி, அரை மணி நேரம் ஈரம் காயாமல் இருக்க வேண்டும். மூடியால் அளந்தால் கணக்குத் தப்பும்; ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்சு நல்லது. அரை லிட்டர் ஸ்பிரே பாட்டிலுக்கு 4 மில்லி.

நேரக் கணக்கில் ஊரும் சேர்ந்துகொள்ளும். டர்பன் கோடைப் புழுக்கத்தில் டைல்ஸ் தரை எளிதில் காயாது. ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவின் குளிர்கால வறட்சியிலோ அடித்த மருந்து அரை மணி தாங்காது. இடையில் இன்னொரு முறை நனைக்க வேண்டும்.

அடுத்த தப்பு, கழுவாமல் மருந்தடிப்பது. மலம், மணல், முடி ஒட்டியிருந்தால் மருந்து அதிலேயே செலவாகிவிடும். முதலில் பாத்திரம் கழுவும் சோப்பால் தேய்க்கணும். பிறகு சோப்பு துளிகூட இல்லாமல் அலசணும், ஏனென்றால் சோப்பே இந்த மருந்தை முடக்கிவிடும். அலசிய நீரை வடித்த பிறகே மருந்து. இதில் சோம்பல் பட்டால் பாட்டில் காசு வீண்.

அரை மணி முடிந்ததும் உணவுத் தட்டையும் மணல் தட்டையும் தண்ணீரில் அலசிக் காயவைக்கவும். பூனை ஈரத்தை மிதித்துக் காலை நக்கினால், பென்சல்கோனியம் அதன் நாக்கைப் புண்ணாக்கக்கூடும். பூனைச் சளி தரும் கலிசி வைரஸும் நாக்கில்தான் புண் போடும். மருந்தால் வந்த புண்ணை நோய் என்று நினைத்து, மேலும் மருந்தடிக்கிற கூத்தும் நடக்கலாம்!

செலவு குறைய வேண்டுமா? 3.5% ஜிக் (குளோரின் ப்ளீச்) லிட்டருக்கு 50 மில்லி, 10 நிமிடம். பார்வோவுக்கு இதுவும் வேலை செய்யும். அன்றன்று கலக்கணும். சிறுநீர் இருக்கும் இடத்தில் ஊற்றினால் அதன் அம்மோனியாவோடு சேர்ந்து நச்சு வாயு கிளம்பும், ஆகவே முதலில் கழுவுங்கள். எஃப்10-உடன் ஒரே வாளியில் கலக்கவே கூடாது. முற்றத்துக்கு வழக்கமாக ஊற்றும் ஜெயஸ் ஃப்ளூயிட் மட்டும் பூனை இருக்கும் வீட்டில் வேண்டாம். அதிலுள்ள ஃபீனால் வகைப் பொருள்களைப் பூனையின் ஈரல் முறித்து வெளியேற்றத் திணறும்.

எந்தப் பாட்டிலாலும் முடியாதவையும் உண்டு. குடல் ஒட்டுண்ணியான காக்சிடியாவின் முட்டைக்கு எஃப்10-ஐ நம்ப முடியாது. கொதிநீர் அல்லது நீராவிதான். தெள்ளுக்குத் தனி மருந்து. பூனையின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கும் எஃப்ஐவி வைரஸ் பெரும்பாலும் கடியாலும், லூக்கீமியா வைரஸ் பெரும்பாலும் எச்சிலாலும் பரவும். இரண்டும் வெளியே நீடிக்காது. அதனால் அங்கே தரையைத் துடைப்பதைவிட ரத்தப் பரிசோதனையும் தனியறையும் முக்கியம். படர்தாமரை ஒன்றரை வருடம்கூட முடியில் உயிரோடு கிடக்கும். தினமும் முடியைப் பெருக்கி அள்ளுவதே முதல் வேலை. படர்தாமரை நாய்க்கும் நமக்கும்கூட ஒட்டும்.

இரண்டு வாரமாவது தனியறை: குளியலறை வசதி, துடைப்பது சுலபம். வீட்டுப் பூனைக்கு முதலில் சாப்பாடு, விருந்தாளிக்குக் கடைசியில். அந்த அறைக்கென்று ஒரு செருப்பு. கையைச் சோப்பு போட்டுக் கழுவணும்; சானிடைசர் ஜெல்லுக்குப் பார்வோ சாகாது. வீட்டுப் பூனையின் தடுப்பூசி பாக்கியிருந்தால் குட்டி வருவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். நாய்ப் பார்வோவின் இன்றைய வகைகள் பூனையையும் பிடிக்கும் என்பதால், பார்வோவில் நாய் செத்த முற்றத்தில் குட்டியை விடாதீர்கள்.

பிராண்டும் மரம், அட்டைப்பெட்டி, கார்ப்பெட் துண்டு இவற்றுக்குள் மருந்து இறங்காது. பான்லூகோபீனியா வந்த அறையில் கிடந்தவை என்றால், பையில் கட்டிக் குப்பைக்கு.