கொடைத் தகவலுக்கு பிராட்காஸ்ட் பட்டியல்: பேர் ஏறினால் மட்டும் போதாது

நெல்லைப் பக்கம் சுடலைமாடன், இசக்கியம்மன் கோயில் கொடைக்கு, அதாவது திருவிழாவுக்கு, கால்நாட்டியதும் வரிதாரர் (கோயிலுக்கு வரி கொடுக்கும் வீட்டார்) அத்தனை பேருக்கும் தகவல் போயாக வேண்டும். பலர் சென்னை, மும்பை, வளைகுடா என்று பிழைக்கப் போனவர்கள். இந்த வேலைக்கு, ஒரே செய்தியைப் பலருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் வாட்ஸ்அப்பின் பிராட்காஸ்ட் பட்டியல் நல்ல வசதி. ஆனால் அதன் விதி தெரியாமல் நம்பினால் பல வீட்டுக்குத் தகவல் சேராது.

ஆண்ட்ராய்டு போனில் மூன்று புள்ளி மெனுவைத் திறந்து 'நியூ பிராட்காஸ்ட்' கொடுத்து ஆட்களைச் சேர்க்கலாம். ஒரு பட்டியலுக்கு 256 பேர்தான். வரிதாரர் 400 என்றால் இரண்டு பட்டியல் வேண்டும். தெருவாரியாகப் பிரித்தால் விடுபட்டவரைத் தேடுவது சுலபம். ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகவே போகும், பதிலும் அனுப்பியவருக்கு மட்டுமே வரும்.

சிக்கல் இனிமேல்தான். நாம் அவர் நம்பரைச் சேமித்திருப்பது போதாது. அவரும் நம் நம்பரைச் சேமித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் செய்தி போகாது, போகவில்லை என்று எச்சரிக்கையும் வராது. துபாய்க்காரர்களிடம் இன்னொரு கோளாறு: அந்த ஊர் சிம் போட்ட போனில் நம் நம்பரை வெறும் பத்து இலக்கமாகச் சேமித்திருந்தால் வாட்ஸ்அப்புக்கு ஆள் பிடிபடாது. முன்னால் +91 இருக்க வேண்டும். அவர்கள் நம்பரை நாமும் +971 போட்டே ஏற்ற வேண்டும். நம் நம்பரை காண்டாக்ட் கார்டாக ஒவ்வொருவருக்கும் தனியாக ஒருமுறை அனுப்பிவிடுவது நல்லது.

சோதிக்க வழி உண்டு. அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து 'இன்ஃபோ' பார்த்தால் யாருக்குச் சேர்ந்தது என்று பெயர் பெயராகத் தெரியும். மறுநாளும் சேராதவருக்குத் தனியாக ஒரு செய்தி போடுங்கள். அதில் இரட்டை டிக் விழுந்தும் பிராட்காஸ்ட் சேரவில்லையென்றால் அவர் நம்மைச் சேமிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

நண்பர் பட்டியல் என்றாலே இந்தக் குழப்பம் பழசு. 1999-இல் தொடங்கிய லைவ்ஜர்னல் என்ற வலைப்பதிவுத் தளத்தில் ஒருவரை 'ஃப்ரெண்ட்' ஆக்கினால், அவர் எழுதுவதை நாம் படிப்பதும், நாம் பூட்டி வைத்ததை அவர் படிப்பதும் ஒரே சொடுக்கில் நடந்துவிடும். 2009-இல் வந்த ட்ரீம்விட்த் என்ற இன்னொரு தளம் படிப்பதற்கு ஒன்று, படிக்க அனுமதிப்பதற்கு ஒன்று என்று இரண்டாகப் பிரித்தது. அதுதான் சரி. பிராட்காஸ்டில் நாம் அனுப்புவதும் அவர் ஏற்பதும் வெவ்வேறு என்பதைத் திரையிலேயே காட்டியிருக்க வேண்டும். பெரிய குறை இது.

ஸ்டேட்டஸை இதற்கு நம்ப வேண்டாம். 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். அங்கேயும் இருவரும் ஒருவரையொருவர் சேமித்திருந்தால்தான் தெரியும்.

கொடைத் தேதி, வில்லுப்பாட்டு நேரம், வரி நினைவூட்டல் ஆகியவற்றுக்கு பிராட்காஸ்ட் போதும். வரவு செலவுக் கணக்குக்கு அது ஆகாது. அட்மின் மட்டும் எழுதும்படி வைத்த குழுவில் கணக்கைப் போடுங்கள். நம்பர்கள் எல்லோருக்கும் தெரியும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சேருங்கள். ஒரே கணக்கை எல்லோரும் ஒரே இடத்தில் பார்த்தால்தான் 'எனக்கு வேற, அவருக்கு வேற அனுப்பினீங்களா' என்ற பேச்சு எழாது.