ஆன்லைன் கடைக்கு ஃபில்டர் செய்து தருகிறோம் என்று வருபவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்

நாங்கள் காலணிகள் விற்கும் ஓர் ஆன்லைன் கடை நடத்துகிறோம். பொருள்கள் பெருகப் பெருக, வருகிறவர்கள் தேடிச் சலித்து வெளியேறுவதும் கூடிக்கொண்டே போனது. பிராண்டு, நிறம், அளவு, விலை என்று பக்கவாட்டில் டிக் செய்து வடிகட்டும் வசதி (ஃபில்டர்) வேண்டுமென்று ஒரு மென்பொருள் நிறுவனத்திடம் வேலையைக் கொடுத்தோம். பெயரைச் சொல்லப் போவதில்லை, பாக்கித் தகராறு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் என்ன செய்தார்கள் என்பதை விவரமாகவே சொல்கிறேன். இதே பாணியில் வேலை செய்பவர்கள் அவர்கள் மட்டுமில்லை.

டெமோ பிரமாதமாக இருந்தது. ஒரே பக்கத்தில் அடங்கிவிடும் சில ஷூக்கள், எல்லாம் அவர்களே சுத்தமாகத் தயாரித்த தரவு. டிக் போட்டதும் பட்டியல் சட்டென்று மாறுகிறது, பக்கத்தில் எண்ணிக்கையும் மாறுகிறது. “முழுக்க நாங்களே உருவாக்கின சர்ச் இன்ஜின் சார்” என்றார் அவர்களுடைய மேலாளர். அட்வான்ஸும் இரண்டாவது தவணையும் கைமாறின.

கடையில் ஏற்றிய பிறகு வந்த முதல் புகாரை மறக்க முடியாது. ஒரு வாடிக்கையாளர் சிவப்பு நிறத்தையும் 8-ஆம் அளவையும் டிக் செய்திருக்கிறார். ஒரு ஷூ வந்திருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால் சிவப்பில் இருப்பது 6 மட்டும்; 8 இருப்பது நீலத்தில். “இல்லாததை எதுக்குக் காட்டுறீங்க?” என்று கேட்டார். நியாயமான கேள்வி.

ஒரு ஷூ என்பது ஒரு பொருள் இல்லை. சிவப்பு-6, நீலம்-8, நீலம்-9 என்று ஒவ்வொன்றும் தனித்தனி வேரியன்ட், தனித்தனி ஸ்டாக். இவர்களோ அந்த ஷூவில் உள்ள நிறங்களையெல்லாம் ஒரு பட்டியலிலும், அளவுகளையெல்லாம் இன்னொரு பட்டியலிலும் கொட்டி வைத்திருந்தார்கள். சிவப்பு இருக்கிறதா? இருக்கிறது. 8 இருக்கிறதா? இருக்கிறது. அப்படியானால் காட்டு. அடியில் ஓடியது எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருள். வேரியன்ட்களின் பட்டியலை அப்படியே உள்ளே கொடுத்தால் அது இப்படித்தான் தட்டையாக்கி வைத்துக்கொள்ளும். அதைத் தவிர்க்கத்தான் ஒவ்வொரு வேரியன்ட்டையும் தனியாகவே வைக்கும் ‘நெஸ்டட்’ என்ற தனி வகையே அதில் இருக்கிறது. அதன் ஆவணத்தில் எடுத்துக்காட்டோடு விளக்கியிருக்கிறார்கள். காலணியும் உடையும் விற்கும் கடையில் இது எப்போதோ வரும் சிக்கல் இல்லை, தினமும் வரும்.

அப்புறம் எண்ணிக்கைகள். பிராண்டில் ஒன்றை டிக் செய்ததும் மற்ற எல்லாப் பிராண்டுக்கும் பக்கத்தில் பூஜ்யம் வந்தது. ஒரே வகைக்குள் இரண்டைத் தேர்ந்தெடுத்தால் ‘இதுவோ அதுவோ’ என்று பொருள். வெவ்வேறு வகைகளுக்கு இடையே ‘இதுவும் அதுவும்’. ஆகவே பிராண்டுகளின் எண்ணிக்கையைக் கணக்கிடும்போது நிறம், அளவு, விலை ஆகிய ஃபில்டர்களை வைத்துக்கொண்டு பிராண்டு ஃபில்டரை மட்டும் விலக்க வேண்டும். சோலர் என்ற இன்னொரு தேடல் மென்பொருளிலும் எலாஸ்டிக்சர்ச்சிலும் இதற்கான வழி பல வருடங்களாக இருக்கிறது. இவர்கள் எல்லா ஃபில்டரையும் போட்டுவிட்டு எண்ணியிருக்கிறார்கள். விளைவு, இரண்டாவது பிராண்டை யாருமே தொடவில்லை. பூஜ்யம் என்று போட்டிருப்பதை யார் தொடுவார்கள்?

பிராண்டுப் பட்டியலில் பத்துக்கு மேல் ஒரு பெயரும் வரவில்லை என்பதையும் கேட்டோம். “டாப் பிராண்டுகள மட்டும் காட்டறதுதான் சார் இப்ப ட்ரெண்டு” என்றார் மேலாளர். உண்மைக் காரணம் பிறகு தெரிந்தது. எலாஸ்டிக்சர்ச்சில் இந்த வகைக் கணக்கெடுப்பு, எத்தனை வேண்டும் என்று சொல்லாவிட்டால் 10 மட்டும் தரும். அந்த ஒரு எண்ணை யாரும் மாற்றவில்லை.

விலை ஸ்லைடர் இன்னும் மோசம். அது சர்வரையே கேட்கவில்லை. திரையில் ஏற்கெனவே இறங்கியிருக்கும் 24 பொருள்களில் பொருந்தாதவற்றை மறைத்தது, அவ்வளவுதான். குறைந்த விலைக்கு நகர்த்தினால் முதல் பக்கம் காலி. ஆனால் நான்காவது பக்கத்தில் அதே விலையில் வரிசையாக இருக்கின்றன. டெமோ ஏன் ஒரே பக்கத்தில் அடங்கியது என்பது அப்போதுதான் உறைத்தது.

ஒவ்வொரு புகாருக்கும் ஒரே பதில்தான்: “சார், அது உங்க டேட்டா பிரச்சினை.” எங்கள் தரவு சுத்தமானது என்று நான் சொல்லவில்லை. கருப்பு, பிளாக், ஜெட் பிளாக் என்று ஒரே நிறம் பல பெயரில் கிடந்தது. ஆனால் அவர்களுடைய பில்லில் ‘தரவுச் சீரமைப்பு’ என்று தனி வரியே இருந்தது, அதற்குத் தனிப் பணமும் வாங்கியிருந்தார்கள். செய்த சீரமைப்பு, வார்த்தைகளின் முன்னும் பின்னும் இருந்த வெற்றிடங்களை நீக்கியது. மூன்று கருப்புக்கும் மூன்று செக்பாக்ஸ் அப்படியே நின்றது. அளவுகளை எண்ணாக வைக்காமல் எழுத்தாக வைத்ததால் வரிசை 10, 11, 6, 7 என்று வந்தது. ஒரு நூலை ஒரே பெட்டிக்குள் அடைக்காமல் பல முகங்களாகப் பிரித்து அடுக்கலாம் என்று நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் கோலன் பகுப்புமுறையை வெளியிட்டது 1933-இல். அவர் கணினி இல்லாமல் யோசித்த அளவுக்குக்கூட இவர்கள் கணினியோடு யோசிக்கவில்லை.

அடுத்து சர்வர் திணற ஆரம்பித்தது. வாடிக்கையாளர் கூட்டம் என்று நினைத்தோம். பதிவுகளைப் பார்த்தால் பெரும்பாலும் தேடுபொறி பாட்கள், அதாவது பக்கங்களைப் படிக்க வரும் தானியங்கி நிரல்கள். ஒவ்வொரு டிக்கும் ஒரு புதிய லிங்க்காக வெளியே தெரிந்ததுதான் காரணம். 20 செக்பாக்ஸ், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிலை என்றாலே 10,48,576 சேர்க்கைகள். எந்த வரிசையில் டிக் செய்தோமோ அதே வரிசையில் முகவரி உருவானதால், மூன்று தேர்வுக்கே ஆறு முகவரிகள். இவர்கள் சொன்ன தீர்வு: பெரிய சர்வர் வாங்குங்கள், அதற்கும் நாங்களே கொட்டேஷன் தருகிறோம். இந்தச் சிக்கலுக்கு கூகுளே வெளிப்படையாக வழிகாட்டுதல் எழுதி வைத்திருக்கிறது. இந்த முகவரிகள் தேடலில் வரத் தேவையில்லை என்றால் பாட்கள் எங்கே வரக்கூடாது என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் தடுத்துவிடலாம். வர வேண்டுமென்றால் வரிசையை ஒரே மாதிரி வைத்து, பொருளே இல்லாத சேர்க்கைக்கு 404 (‘பக்கம் இல்லை’ என்ற பதில்) கொடுக்கச் சொல்கிறது. எங்கள் ஒப்பந்தத்திலோ ‘கூகுளின் யூஆர்எல் பாராமீட்டர் கருவியில் அமைத்துத் தருதல்’ என்று கட்டணத்தோடு ஒரு வரி. முகவரியின் எந்தப் பகுதியை விட்டுவிடலாம் என்று கூகுளிடம் சொல்ல உதவிய அந்தக் கருவியை கூகுள் 2022-லேயே எடுத்துவிட்டது. இல்லாத கருவியில் வேலை செய்ததாகப் பணம் வாங்கியிருக்கிறார்கள்!

கடைசித் தவணையை நிறுத்தினோம். சில நாளில் ஃபில்டர்கள் மொத்தமாக மறைந்தன. ‘நாங்களே உருவாக்கின இன்ஜின்’ என்பது யாரும் விலைக்கு வாங்கக்கூடிய ஒரு பிளக்இன், அதாவது தயாரான துணை மென்பொருள். லைசென்ஸ் அவர்கள் பெயரில், தேடல் சர்வரும் அவர்கள் கணக்கில். எங்களுக்கு ஒப்படைத்த ரெப்போவில் (நிரல் கோப்புகளின் களஞ்சியம்) இருந்தது வண்ணமும் எழுத்துருவும் மாற்றிய கோப்புகள்தான். புதிதாக வந்த டெவலப்பர் பழைய பேக்கப்பைத் திறந்து, பிளக்இன் கோப்புகளின் தலைப்பில் பதிப்புரிமை வரி இருந்த இடத்தில் இவர்களுடைய பெயர் ஒட்டியிருப்பதைக் காட்டினார். எனக்குக் கோபத்தைவிடச் சிரிப்புதான் முதலில் வந்தது.

இப்போது அந்த டெவலப்பர் எல்லாவற்றையும் மறுபடி செய்து கொடுத்துவிட்டார். வேரியன்ட்டுக்கு ஒரு பதிவு, திரையில் ஷூவுக்கு ஒரு கட்டம். தனித் தேடல் இன்ஜினே வைக்கவில்லை. சில ஆயிரம் பொருள்களுக்குச் சாதாரண டேட்டாபேஸும் அதில் தேடலை வேகமாக்கும் ஒழுங்கான இண்டெக்ஸும் போதும் என்றார், போதுமாகத்தான் இருக்கிறது.

இப்படி யாரிடமாவது வேலையைக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், அவர்கள் டெமோவைப் பார்க்காதீர்கள். உங்கள் முழு கேட்டலாக்கையும் அழுக்கோடு அப்படியே கொடுத்து, அதில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். எல்லா நிறத்திலும் எல்லா அளவும் இல்லாத ஒரு பொருளை நீங்களே தேர்ந்தெடுத்து, இல்லாத சேர்க்கையை டிக் செய்யுங்கள். ஐந்தாவது பக்கத்துக்குப் போய் அங்கிருந்து ஒரு ஃபில்டர் போடுங்கள். முதல் பக்கத்துக்குத் திரும்புகிறதா, ‘பொருள் இல்லை’ என்கிறதா என்று பாருங்கள். பொருளுக்குள் போய்விட்டு பேக் அழுத்தினால் போட்ட டிக்குகள் இருக்க வேண்டும். முகவரியை இன்னொரு போனில் திறந்தாலும் அதே பட்டியல் வர வேண்டும். லைசென்ஸ், சர்வர் கணக்கு, ரெப்போ மூன்றும் முதல் நாளிலிருந்தே உங்கள் பெயரில் இருக்கட்டும். “முடிஞ்சதும் மாத்தித் தரோம் சார்” என்ற பேச்சை மட்டும் ஏற்காதீர்கள், அதைத்தான் எங்களிடமும் சொன்னார்கள்.

கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். அதற்குப் பதில் வரவில்லை. பராமரிப்புக் கட்டண பில் வந்திருக்கிறது, ஃபில்டரை அவர்களே நிறுத்தி வைத்த மாதத்தையும் சேர்த்து.