சீல் படகா, அம்மோனைட் வேட்டையா: கடலோரக் கிராமத்தில் ஒரு வாரம்

இங்கிலாந்தின் கடலோரக் கிராமம் ஒன்றில் ஒரு வாரம் வீடெடுத்துத் தங்கலாம் என்று கிளம்புபவர்களுக்கு வழக்கமாக வரும் குழப்பம் இது: கிழக்கே வட நார்ஃபோக்கா, தெற்கே மேற்கு டார்செட்டா? வாடகை வீடுகளின் படங்களை வைத்து முடிவெடுக்க முடியாது. இரண்டு பக்கமும் அதே கல் சுவர், அதே பூந்தொட்டி, அதே விறகடுப்பு. நான் பார்ப்பது அங்கே கடல் எப்படி நடந்துகொள்கிறது என்பதை. நார்ஃபோக்கில் கடல் வற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் மணல். டார்செட்டில் ஏறினால் நிற்க இடமிருக்காது. முதுகுக்குப் பின்னால் செங்குத்துப் பாறை.

நார்ஃபோக்கில் எல்லோரும் முதலில் கேட்பது பிளேக்னி முனைக்குப் போகும் சீல் படகு, அதாவது சீல் எனும் கடல்நாய்களைப் பார்க்கக் கூட்டிப்போகும் படகு. கடலுக்குள் ஆறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் கூழாங்கல் திட்டு அது. 1912 முதல் நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. இங்கிலாந்தின் மிகப் பெரிய சாம்பல் சீல் கூட்டம் அங்கேதான். 2001-இல் 25 குட்டிகள்தான் பிறந்தன. இப்போது குளிர்காலந்தோறும் ஆயிரக்கணக்கில் பிறக்கின்றன. படகுகள் கிளம்பும் மோர்ஸ்டன் துறை ஓர் உப்பங்கழிக்குள் இருப்பதால், நீர் வற்றினால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். எனவே நேரம் தினம் மாறும். ‘சாப்பிட்டுவிட்டுப் போகலாம்’ என்று சாவகாசமாகப் போய், சேற்றில் சாய்ந்து கிடந்த படகுகளை மட்டும் பார்த்துத் திரும்பியவன் நான்.

படகு கிடைக்காவிட்டாலும் நாள் வீணாகாது. பிளேக்னி, வெல்ஸ் துறைச் சுவர்களில் குழந்தைகள் தூண்டில் கயிற்றில் பன்றிக்கொழுப்புத் துண்டைக் கட்டி நண்டு பிடிப்பார்கள். மீன் துண்டுக்கும் நண்டு வரும். வாளித் தண்ணீரை அடிக்கடி மாற்றி, கடைசியில் எல்லாவற்றையும் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பதுதான் விதி. மழை வந்தால் ஷெரிங்கமிலிருந்து ஹோல்ட் வரை நீராவி ரயில் இருக்கிறது. க்ரோமரில் பெயர்பெற்ற நண்டை அவித்து, ஓட்டிலேயே நிரப்பித் தருவார்கள். நண்டு மசாலா நினைப்போடு போகிறவர்களுக்குச் சப்பென்றுதான் இருக்கும். பையில் கொஞ்சம் மிளகுத்தூள் வைத்துக்கொள்ளுங்கள். பறவை பார்ப்பவர்களுக்கு க்ளே சதுப்பு நிலம். 1926-இல் அதை வாங்கிப் பாதுகாக்கத் தொடங்கியதிலிருந்துதான் நாட்டின் மாவட்டவாரி வனவுயிர் அறக்கட்டளைகளே பிறந்தன.

டார்செட்டின் ஈர்ப்பு ஒன்றே ஒன்று. ஆனால் அதற்கு ஈடு நார்ஃபோக்கில் இல்லை. சார்மத், லைம் ரீஜிஸ் கரைகளில் குனிந்து தேடினால் 19 கோடி ஆண்டுப் பழைய அம்மோனைட் ஒன்று, அழிந்துபோன ஒரு கடலுயிரின் சுருள் ஓட்டுப் புதைபடிவம், கைக்கு வரலாம். கரையில் உதிர்ந்து கிடப்பதை வீட்டுக்கே எடுத்துப் போகலாம். அறிவியலுக்கு முக்கியமானதென்றால் பதிவு செய்யச் சொல்கிறார்கள். கட்டணம் கிடையாது. லைமில் 1799-இல் பிறந்த மேரி ஆனிங் இப்படித் தேடித்தான் இக்தியோசாரையும், 1823-இல் முழு பிளீசியோசாரையும், அழிந்துபோன இந்தக் கடல் ஊர்வன இரண்டையும், உலகுக்குக் கொடுத்தார். லண்டன் புவியியல் சங்கம் பெண் என்பதால் அவரைச் சேர்க்கவில்லை. அவர் பிறந்த வீடிருந்த இடத்தில்தான் இன்றைய அருங்காட்சியகம். சிலை 2022-இல்தான் வந்தது.

புதைபடிவத்தைக் கரைக்குத் தள்ளுவதும் மண்சரிவுதான், ஆளை மூடுவதும் அதே சரிவுதான். 2008-இல் லைமுக்கும் சார்மத்துக்கும் இடையே சுமார் 400 மீட்டர் நீளத்துக்குப் பாறை சரிந்தது. பாறையடியில் தோண்டாதீர்கள், கடல் இறங்கிக்கொண்டிருக்கும்போது போய், அது மீண்டும் ஏறுமுன் வந்துவிடுங்கள். சார்மத் கடலோர மையத்தினர் நடத்தும் வழிகாட்டி நடையில் சேர்ந்துகொள்வதே முதல்முறை போகிறவர்களுக்குச் சரி. தனியாகத் தேடியபோது இரண்டு மணி நேரத்தில் எனக்குக் கிடைத்தது அம்மோனைட் மாதிரித் தெரிந்த ஒரு சாதாரணக் கல்.

முழங்கால் வலிக்காரர்களும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் கூட வந்தால் யோசிக்கவே வேண்டாம், நார்ஃபோக். தட்டை நிலம், சைக்கிளும் சுகம். டார்செட்டில் கடைக்குப் போனாலும் ஏற்ற இறக்கம். 191 மீட்டர் உயரமுள்ள கோல்டன் கேப் தென்கடலோரத்தின் உச்சி. ஏறினால் காட்சி அள்ளிக்கொண்டு போகும், ஏறினால். பருவமும் முக்கியம்: குளிர்காலப் புயலுக்குப் பிறகுதான் டார்செட் கரையில் புதுச்சரக்கு விழும். ஆகஸ்டில் போனால் உங்களுக்கு முன்பே நூறு பேர் அந்தக் கற்களைப் புரட்டியிருப்பார்கள்.

மூன்றாவதாக நார்தம்பர்லாந்தைச் சொல்பவர்களும் உண்டு. மே முதல் ஜூலைவரை ஃபார்ன் தீவுகளில் பஃபின் பறவைகள் அருமைதான், ஆனால் லண்டனிலிருந்து ஒரு நாளைப் பயணமே தின்றுவிடும். அங்கேயும் ஓதத்தின், அதாவது கடல் ஏறி வற்றுவதன் ஆட்சிதான்: ஹோலி தீவுக்குப் போகும் சாலையைக் கடல் தினமும் இருமுறை மூடுகிறது. நேரம் பார்க்காமல் வந்து சிக்கியவர்கள் ஏறி உட்கார, நடுவழியில் தூண்கள்மேல் ஒரு குடில் கட்டி வைத்திருக்கிறார்கள்.

எங்கே போனாலும் முதல் மாலையே ஓத அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு வாரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். கடல் ஏறும் நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தும். திங்களன்று காலையில் கிடைத்த படகு வெள்ளியன்று மதியத்துக்குப் போயிருக்கும்.